வளர்மதி கடையில் தங்கிப்போனவை

எண்ணெய் மில் பழனியப்பனின் கோபம் அவருடைய பழைய போனிலேயே தங்கிவிட்டது என்ற சேதி வேலாம்பூண்டி முழுக்கப் பரவியபோது ஊரில் யாரும் மூக்கின் மேல் விரல் வைக்கவில்லை, இத்தனை வருடம் கழித்தாவது அது ஓரிடத்தில் அடங்கியதே என்று பெருமூச்சுதான் விட்டார்கள். நடந்தது இவ்வளவுதான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஸ்ரீவாணி மொபைல்ஸில், பழனியப்பன் தன் ஆண்ட்ராய்டு போனைக் கொடுத்துவிட்டுப் புதிதாக ஓர் ஐபோன் வாங்கினார், கடைக்காரி வளர்மதி எல்லோருக்கும் செய்வதுபோல் இரண்டு போன்களையும் ஒரு வெள்ளை வயரால் இணைத்து, பழையதில் இருந்த நம்பர்களும் பேரன் பேத்தி படங்களும் யார் யாரோ அனுப்பிய குட்மார்னிங் ரோஜாக்களும் புதியதில் ஏறி முடிக்கும்வரை காத்திருந்து, கண்ணாடி ஒட்டி, உறை போட்டுக் கொடுத்தாள், அவர் மில்லுக்குப் போய், வாசலை மறித்துக் குறுக்கே நின்ற லாரியைப் பார்த்து, வழக்கம்போல் வேட்டியை மடித்துக் கட்டி வாயைத் திறந்தார், திறந்த வாயிலிருந்து, “தம்பி, சித்த ஓரமா நிறுத்தறீங்களா?” என்று வந்தது. மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் மூட்டையைப் போட்டுவிட்டார்கள். அதே நேரம் வளர்மதியின் மேஜை இழுப்பறைக்குள், சிம் கழற்றி அணைத்து வைத்திருந்த பழைய போன், “எவன்டா அவன் லாரியைக் குறுக்கால உட்டது, உங்கப்பன் ஊட்டு வாசலா இது!” என்று கடையே அதிரக் கத்தியது. வளர்மதி இழுப்பறையை இறுக்கிச் சாத்திவிட்டு, ரீசார்ஜுக்கு வந்திருந்த பெண்ணிடம், “இருபத்தெட்டு நாளைக்கா, எம்பத்திநாலு நாளைக்கா அம்மிணி?” என்று கேட்டாள்.

மூன்றாம் நாளே மில்லில் வேலை படுத்துவிட்டது. முப்பது வருடமாகத் திட்டு வாங்கியே மூட்டை தூக்கிப் பழகியவர்களுக்கு, “முடிஞ்சா எடுங்க, இல்லாட்டி அப்பறம் பாத்துக்கலாம்” என்று முதலாளி சொன்னால் தோள் எழும்பவில்லை. மேஸ்திரி வந்து வளர்மதியிடம் பணிவாகக் கேட்டு அந்தப் பழைய போனை வாங்கிக்கொண்டுபோய், மில்லின் நடுத்தூணில் நைலான் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார், வேலை பழையபடி ஓடத் தொடங்கியது. பழனியப்பனே சாயங்காலம் டீ டம்ளரோடு அதன் முன்னால் வந்து நின்று, “யாருய்யா இந்த ஆளு, நெஞ்சு வலி வந்துருமாட்ட இருக்குது, இப்படியா கத்தறது?” என்று வருத்தப்படுவார்.

அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஆண்ட்ராய்டில் பழசைக் கொடுத்து ஆண்ட்ராய்டிலேயே புதுசு வாங்கினால் ஒன்றும் தங்குவதில்லை, ஐபோனிலிருந்து ஐபோனுக்குப் போனாலும் தங்குவதில்லை, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கோ அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கோ தாண்டும்போதுதான் ஆளிடமிருந்து ஏதோ ஒன்று பின்தங்கிப் பழைய போனிலேயே உட்கார்ந்துகொள்கிறது, அதுவும் அந்தப் போன் அந்த ஆளிடம் எதை அதிகமாகக் கேட்டதோ எதை அதிகமாகப் பார்த்ததோ அதுதான் உட்கார்ந்துகொள்கிறது என்று ஊர் கண்டுபிடித்து, அதற்குத் ‘தங்கல்’ என்று பெயரும் வைத்தது. கம்பெனிக்காரர்கள் மேல் யாரும் பழி போடவில்லை, ஏனென்றால் ஈரோட்டிலோ திருப்பூரிலோ போய் மாற்றிக்கொண்டவர்கள் முழுசாகத்தான் திரும்பி வந்தார்கள். வளர்மதி கடை வயரில்தான் தங்கியது. ஏன் தங்குகிறது என்று கேட்க ஊருக்கு நேரமில்லை, எதைத் தங்க வைக்கலாம் என்று பேசவே நேரம் போதவில்லை. பொய் சொல்லும் பழக்கத்தை விட்டுத் தொலைக்கலாம் என்று நல்லெண்ணத்தோடு வந்த வார்டு கவுன்சிலருக்குக் குளியலறையில் பாடும் குரல்தான் தங்கியது, பொய் அவரோடு பத்திரமாகக் கூடவே போனது. பிள்ளையார் கோயில் வீதி பேங்க் கிளார்க்குக்குச் சந்தேகம் தங்கிப்போய், வந்த காகிதத்திலெல்லாம் கையெழுத்துப் போட ஆரம்பித்துவிட்டார். நாலாம் நாள் மேனேஜரே கையைப் பிடித்து இழுத்து வந்தார், நல்லவேளை பழைய போனை இன்னும் அழிக்கவில்லை, வளர்மதி அதே வயரை மாட்டித் திருப்பி ஏற்றியதும் கிளார்க் வயரையே சந்தேகமாகப் பார்த்தார். அழிக்காமல் இருந்தால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று ஊருக்கு அன்றைக்குத் தெரிந்தது.

பிறகு கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு, “பையன் எதுலிருந்து எதுக்கு மாறினாப்டி, என்ன தங்கிச்சு?” என்று விசாரித்தார்கள். மாமியார்களை மருமகள்களும் மருமகள்களை மாமியார்களும் ஆட்டோ வைத்துக் கூட்டி வந்தார்கள். ஆண்ட்ராய்டிலிருந்து போகிறவர்களுக்கு வாயில் இருப்பது தங்குகிறது, ஐபோனிலிருந்து வருகிறவர்களுக்கு முகத்தில் இருப்பது தங்குகிறது என்று டீக்கடை பெஞ்சில் ஒரு கட்சி சொன்னது, இன்னொரு கட்சி அதை மறுத்தது, இரண்டு கட்சியும் வடையை மட்டும் ஒற்றுமையாகத் தின்றன. கடையின் செகண்ட் ஹேண்ட் அலமாரியில் வளர்மதி சின்னச் சின்னச் சீட்டு ஒட்டி வைத்தாள்: ‘பொறுமை, ஓரத்தில் கீறல்’, ‘சிரிப்பு, பேட்டரி சுமார்’, ‘அழுத்தம் பிடித்த குணம், சார்ஜர் இல்லை’. வாங்குகிறவர்கள் கேமரா எத்தனை, நினைவகம் எத்தனை என்று கேட்பதை விட்டுவிட்டுப் போனைக் காதில் வைத்துப் பார்த்து வாங்கினார்கள்.

இத்தனைக்கும் நடுவில் வளர்மதி ஒரு பக்கமும் சாயாதவள், அதுதான் அவளுடைய வியாபாரம். எது நல்லது என்று யாராவது கேட்டால் ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்த மாட்டாள். “ஆண்ட்ராய்டு நம்ம வாரச்சந்தையாட்டங்க. எந்த மூலையில வேணாலும் கடை போடலாம், எல்லா வெலையிலயும் சாமான் கெடைக்கும், ஆனா ஜேப்பைப் பாத்துக்கோணும். ஐபோன் கல்யாண மண்டபமாட்ட. சமையல்காரன், பூக்காரன், மேளக்காரன் எல்லாம் அவியளே வெச்சிருப்பாங்க, நீங்க வந்து உக்காந்தாப் போதும், ஆனா உங்க சமையல்காரனை உள்ள உடமாட்டாங்க. உங்களுக்குச் சந்தை புடிக்குமா, மண்டபம் புடிக்குமா?” என்பாள். அதோடு நிறுத்த மாட்டாள். வளர்மதி எதிலும் அதோடு நிறுத்துகிறவள் அல்ல. சந்தையில் தன் சித்தி பையன் புடலங்காய் விற்று ஏமாந்தது, மண்டபத்தில் தன் அத்தை மகள் கல்யாணத்தில் ரசம் தீர்ந்தது, அங்கிருந்து ரசப்பொடி, அங்கிருந்து மிளகு விலை என்று போய், சுற்றி வந்து போனில் முடிப்பாள். அதற்குள் வந்தவர் ஏதோ ஒன்றை வாங்கிவிட்டிருப்பார்.

இந்தப் பேச்செல்லாம் கடைசியில் போய் இறங்குகிற இடம் ஒன்று இருந்தது, அது அவள் கணவர் சிவசண்முகம். கூட்டுறவுச் சங்கத்தின் பால் வண்டி ஓட்டுகிறவர், விடியற்காலை கிளம்பி ஊர் ஊராகக் கேன் ஏற்றி மதியம் திரும்புகிறவர். அவருடைய ஆண்ட்ராய்டு போன் சட்டைப்பையில் ஸ்பீக்கரில் இருக்கும். வளர்மதி சமையலறையிலிருந்து, பேருந்திலிருந்து, கடையிலிருந்து, கையில் ஒரு நிமிடம் கிடைத்தாலும் கூப்பிட்டுப் பேசுவாள், அவர், “ம்” என்பார். அது ஒரே ‘ம்’ இல்லை. தலையாட்டுகிற ‘ம்’ ஒன்று, அடப்பாவமே என்கிற ‘ம்’ ஒன்று, சிரிப்பை அடக்குகிற ‘ம்’ ஒன்று, அவள் யாரையாவது அநியாயத்துக்குத் திட்டும்போது கொஞ்சம் தாமதமாக வருகிற ‘ம்’ ஒன்று. அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் இறந்த அன்று அவள் வராந்தாவில் நின்று இரண்டு மணி நேரம் பேசினாள், அம்மாவைப் பற்றிக்கூட இல்லை, அந்த வராந்தாவின் சுண்ணாம்பு உதிர்வதைப் பற்றிப் பேசினாள். அவர் வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்தி ‘ம்’ சொல்லிக்கொண்டே இருந்தார், பால் முழுக்கத் திரிந்துபோய்ச் சங்கத்தில் மெமோ கொடுத்தார்கள். அந்த ஒரு நாளுக்காகவே அவரை ஏழு பிறவிக்கும் விடமாட்டேன் என்று வளர்மதி நினைத்துக்கொள்வாள். அவ்வளவு பிரியம் அவளுக்கு.

அதனால், மெல்போர்னிலிருந்து மகள் நிவேதா தெரிந்தவர் ஒருவரிடம் அப்பாவுக்கென்று ஓர் ஐபோனைக் கொடுத்தனுப்பியபோது, வளர்மதி பெட்டியைப் பிரிக்காமலேயே கடை இழுப்பறையில் தள்ளி வைத்தாள். “நம்ம எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி இருக்கட்டும்மா, அப்பா மட்டும் எதுக்குத் தனியா இருக்கோணும்?” என்றாள் நிவேதா. சிவசண்முகத்தின் போன் பன்னிரண்டு வருடமாக, ஒன்று மாற்றி ஒன்றாக வந்த அத்தனை ஆண்ட்ராய்டிலும், எதை அதிகமாகக் கேட்டது என்று வளர்மதிக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? வயர் மாட்டினால் அவருடைய ‘ம்’ தங்கிவிடும். அது போய்விட்டால் தன் பேச்சு எங்கே போய் இறங்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் மாற்றிக் கொடுத்தவள் வீட்டுக்காரருக்கு மட்டும் நாள் கடத்தினாள். வயர் பழுது என்றாள், அப்டேட் வரட்டும் என்றாள், வளர்பிறையில் பார்க்கலாம் என்றாள். சிவசண்முகம் ஒவ்வொன்றுக்கும், “ம்” என்றார்.

வளர்பிறையும் வந்தது. ஒரு திங்கட்கிழமை மதியம் சிவசண்முகம் கடைக்குள் வந்தார், வழக்கம்போல் சாப்பாட்டுக் கூடை இருக்கும் பக்கம் போகாமல், வாசலில் தொங்கும் கொக்கியிலிருந்து ஒரு டோக்கனைப் பிய்த்துக்கொண்டு, மற்றவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்தார். பதினேழாம் நம்பர். கடையில் இருந்தவர்கள் எல்லாம் வளர்மதியைத் திரும்பிப் பார்த்தார்கள். டோக்கன் எடுத்து உட்கார்ந்தவரை வளர்மதி ஒரு நாளும் திருப்பி அனுப்பியதில்லை, அது ஊருக்கே தெரியும், அவருக்கும் தெரியும்.

“ஏனுங்க, ஊட்டுல பேசிக்கலாமே,” என்றாள் தாழ்ந்த குரலில்.

“பதினேழு,” என்றார் சிவசண்முகம்.

வேறு வழி இல்லாமல் வயரை மாட்டினாள். நீலக் கோடு நகர்ந்து நகர்ந்து முடிகிறவரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் அப்படியேதான் இருந்தது. சாப்பாட்டைப் பிரித்து வைத்து, பேச ஆரம்பித்தாள்: காலையில் நாத்தனார் வந்தது, சீர் வரிசையில் குறை சொன்னது, தான் அதற்குப் பதில் சொன்னது. ஒரு வாக்கியம் முடித்துக் காத்திருந்தாள். அந்த இடம் காலியாகவே இருந்தது. இருட்டில் இல்லாத படியில் கால் வைத்ததுபோல் அவளுக்கு ஆகிவிட்டது.

சிவசண்முகம் சோற்றைப் பிசைந்துகொண்டே, “அவமேல தப்பில்ல மதி,” என்றார். “நீதான் மொதல்ல ஆரம்பிச்சிருப்ப. அப்பறம், இந்தப் பீர்க்கங்காய் எனக்குப் புடிக்காது.”

“எப்ப இருந்துங்க?”

“சின்ன வயசுல இருந்து.”

இருபத்தாறு வருடமாக வாரம் இரண்டு நாள் பீர்க்கங்காய் வைத்துக்கொண்டிருந்தவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புதன்கிழமைக்குள் முன்னறையின் சுவர் நிறம், அவள் தம்பிக்குக் கொடுத்த பைக், ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போடும் சாம்பிராணி எல்லாவற்றிலும் அவருக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது தெரியவந்தது. கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னார், இடையில் அவளையும் பேச விட்டார். ஆனால் அவள் பேசி முடித்ததும் வந்தது பதில். பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வளர்மதிக்குப் பழக்கமில்லை.

பழைய போனை அவள் அலமாரியில் வைக்கவில்லை, சீட்டு ஒட்டவில்லை, அழிக்கவுமில்லை. கைப்பையில் போட்டுக்கொண்டாள். ஆள் இல்லாத நேரத்தில் காதில் வைத்து, “பாருங்க, இன்னைக்கு வெயிலைப் பாருங்க,” என்றாள். “ம்,” என்றது போன். தலையாட்டுகிற ‘ம்’. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. “பீர்க்கங்காய் புடிக்காதாமா அவருக்கு.” “ம்.” சிரிப்பை அடக்குகிற ‘ம்’. புருஷனைப் பற்றி அவள் அந்தப் புருஷனுடைய ‘ம்’மிடமே முறையிட்டாள், அதுவும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது.

இதை நர்ஸம்மா எஸ்தர் பார்த்துவிட்டார். பாதி ஊரைப் பிரசவம் பார்த்து வெளியே எடுத்தவர், ஓய்வு பெற்றுத் தனியாக இருக்கிறவர், மதியமானால் ஸ்ரீவாணி மொபைல்ஸ் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் அவர்கள் பிறந்த கதையைச் சொல்லிக்கொண்டிருப்பவர்.

“வளரு, எனக்குக் கேமரா வேணாம், சந்தையும் வேணாம், மண்டபமும் வேணாம்,” என்றார். “நாஞ் சொல்றதை யாராச்சும் முழுசாக் கேட்டு ரெண்டு வருசமாச்சு. வர்ற புள்ளைகெல்லாம் பாதியில எந்திரிச்சுப் போயிருதுக. அந்தப் போனைக் குடு.”

“அது விக்கறதுக்கில்லீங்க நர்ஸம்மா.”

“நீ ஊட்டுல ஆளை வெச்சுக்கிட்டு அதுகூடப் பேசற. நான் ஆளில்லாம உக்காந்திருக்கறேன்.”

வளர்மதிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கொடுக்கவில்லை. அவளிடம் ஒரு யோசனை இருந்தது. கிளார்க்குக்குச் செய்ததை இவருக்கும் செய்துவிடலாம், பழைய போன் இருக்கிறது, வயர் இருக்கிறது, ஐந்து நிமிட வேலை, எல்லாம் பழையபடி ஆகிவிடும். வெள்ளிக்கிழமை மதியம் சிவசண்முகம் சாப்பிட வந்தபோது, “உங்க போனைக் குடுங்க, கண்ணாடியில காத்து நின்னாப்புல இருக்குது, மாத்தி ஒட்டித் தர்றேன்,” என்றாள்.

அவர் மறு பேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். அவள் மேஜைக்குக் கீழே கையை மறைத்துக்கொண்டு வயரின் ஒரு முனையைப் புதியதில் சொருகினாள், மறு முனையைப் பழையதில் சொருகினாள். திரை, தொடங்கட்டுமா என்று கேட்டது.

“திருப்பிப் போடப்போற,” என்றார் சிவசண்முகம்.

வளர்மதி நிமிர்ந்தாள்.

“போடு. நான் தடுக்கல. ஆனா ஒண்ணு சொல்லிப்போடறேன், அப்பறம் சொல்ல முடியாம போயிரும். நிவேதா குடுத்தனுப்பினான்னு நான் டோக்கன் எடுக்கல மதி. என்ன தங்கும்னு எனக்கும் தெரியும். தங்கட்டும்னுதான் எடுத்தேன்.”

பெஞ்சில் எஸ்தர் நர்ஸம்மா இருந்தார், வேறு யாரும் இல்லை.

“அவ மெல்போர்ன் போறேன்னு சொன்னப்ப, அனுப்பலாமான்னு நீ எங்கிட்டக் கேட்ட. வண்டியில இருந்தேன். ம்னு சொன்னேன். நீ அதைச் சரின்னு எடுத்துக்கிட்ட. அது சரி இல்ல மதி. அது வேற. எனக்குத் தொண்டைய அடைச்சுப்போச்சு, வேற ஒண்ணும் வரல.”

“அப்பறமாச்சும் சொல்லியிருக்கலாமில்லீங்க?”

“சொல்ல வாறதுக்குள்ள நீ அவளை விசாவுக்குப் போட்டோ எடுக்கக் கூட்டிட்டுப் போயிட்ட.” அவர் லேசாகச் சிரித்தார், சிரிப்பு முடியும் முன்பே கண் கலங்கிவிட்டது. “அனுப்பினது தப்புன்னு சொல்லல. நல்லாத்தான் இருக்கறா புள்ள. ஆனா ஆறு மாசம் ஒவ்வொரு ஊர்லயும் கேனை ஏத்திப்போட்டு வண்டிக்குப் பின்னால நின்னு அழுதேன். நீ அப்பவும் போன்ல பேசிட்டுத்தான் இருந்த. நான் ம் சொல்லிட்டுத்தான் இருந்தேன். ஒரு நாளாச்சும் ‘ஏனுங்க, குரல் ஒரு மாதிரி இருக்குது’ன்னு நீ கேப்பன்னு பாத்தேன்.”

வளர்மதிக்கு அந்த ஆறு மாதமும் நினைவு வந்தது. அந்த ஆறு மாதமும் அவர் சொன்ன ‘ம்’ எல்லாம் நினைவு வந்தது. ஒவ்வொன்றும் தனக்குத் தெரியும், வகை வகையாகத் தெரியும் என்று இருந்தவள், அப்போது வந்ததை எந்த வகையில் சேர்த்தோம் என்று தேடிப் பார்த்தாள். அடப்பாவமே என்கிற வகையில் சேர்த்திருந்தாள். தனக்காக அவர் பரிதாபப்படுகிறார் என்று நினைத்திருந்தாள். இத்தனை வருடம் தான் உயிரை வைத்திருந்தது இந்த மனிதரிடமா, இல்லை தன் பேச்சு விழுந்து இறங்குவதற்கு இவர் விரித்து வைத்த ஒரு பாயிடமா என்று தோன்றியபோது அவளுக்கு அவமானமாக இருந்தது, அதைவிட அதிகமாக அவர்மேல் பிரியம் பொங்கியது.

வயரை இரண்டு பக்கமும் உருவினாள். பழைய போனை எடுத்துக்கொண்டுபோய் எஸ்தர் நர்ஸம்மாவின் மடியில் வைத்தாள். “கொண்டுபோங்க. சார்ஜர் நாளைக்குத் தர்றேன்,” என்றாள். நர்ஸம்மா அதைக் காதில் வைத்து, “சாமி, ஒனக்கொண்ணு தெரியுமா, அறுபத்தெட்டுல வெள்ளம் வந்துச்சே...” என்று ஆரம்பித்துக்கொண்டே படியிறங்கிப் போனார்.

வளர்மதி வாசல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கல்லாவுக்குப் போகாமல், வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலை இழுத்து அவருக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள். சிவசண்முகம் பேச்சை நிறுத்தியிருந்தார். அவள் பேசுவாள் என்று பழக்கத்தில் காத்திருந்தார். அவளுக்கும் பேச வந்தது: நிவேதா ஏர்போர்ட்டில் திரும்பிப் பார்த்தது, தான் அன்றைக்குக் கட்டியிருந்த சேலை, அந்தச் சேலையில் காபி கொட்டியது, காபி கொட்டிய பையன் மன்னிப்புக் கேட்டது என்று வரிசையாக நாக்கின் நுனிவரை வந்து முட்டிக்கொண்டு நின்றது. அத்தனையையும் விழுங்கினாள். அவருடைய கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

“அப்பறம்?” என்றாள்.